ஸ்கோர் விரதம்

பாட்டிலைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது, ஆறு டிகிரி. நாலில் இருக்க வேண்டும். மாசிலாமணியின் கூலரில் தெர்மோஸ்டாட் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் இல்லை, ரசிகன். ஆனாலும் கை சும்மா இருக்குமா, இருபத்தாறு வருஷமாகக் குளிரைத் தொட்டுத் தொட்டுப் பிழைக்கிற கை. டிவியில் அறுபத்தோராவது நிமிஷம் ஓடுகிறது. சிவப்பு ஒன்று, நீலம் பூஜ்யம். எதிரே பிலவேந்திரன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறான், சிவப்பு அவன் கட்சி, நீலம் என் கட்சி, அவனைப் பார்த்தால் அந்த கோலை அவனே போய் அடித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், பாவம். எப்படியும் இரண்டுக்கு ஒன்று என்று நீலம்தான் ஜெயிக்கப் போகிறது. எனக்குத் தெரியும். கணிப்பு இல்லை, ஜோசியம் இல்லை, தெரியும். இந்த மேட்ச் நேற்றே எங்கேயோ வெளிநாட்டில் முடிந்து, கோப்பை வாங்கியவன் வாங்கி, அழுதவன் அழுது, எல்லாரும் தூங்கி எழுந்தாயிற்று. நாங்கள் பார்ப்பது பதிவு. நடுராத்திரியில் கண் முழித்துப் பார்க்கிற வயசெல்லாம் எங்களுக்குப் போய்விட்டது, பாதி மேட்சில் குறட்டை வரும், அதனால் மாசிலாமணி தன் பார் டிவியில் பதிந்து வைப்பான், ஞாயிறு பதினொன்றுக்கு முதலியார்பேட்டையில் இந்த ஓர மேஜையில் நாங்கள் ஆஜர். அதுவரைக்கும் ஸ்கோர் காதில் விழக் கூடாது. போனை அணைத்துவிட வேண்டும், பேப்பரைத் தொடக் கூடாது, டீக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, அணியின் பேரைக்கூட வாயால் சொல்லக் கூடாது, நிறம்தான். பிலவேந்திரன் இதற்கு ஸ்கோர் விரதம் என்று பேர் வைத்தான். பீர் குடித்து முடிக்கிற விரதம் உலகத்திலேயே உங்களுடையதுதான் என்று அவன் சம்சாரம் ஸ்டெல்லா சொல்வாள். பார் கதவில் மாசிலாமணி ஒரு சிலேட்டு மாட்டியிருக்கிறான், ‘மேட்ச் ஓடுகிறது, வாயைத் திறக்காமல் குடிக்கவும்.’ அதைப் படித்துவிட்டு ஒரு வெளியூர்க்காரர் ஸ்ட்ரா கேட்டார். பதினொரு வருஷமாக ஒரு வாரம்கூட இந்த விரதம் முறிந்ததில்லை.

இன்றைக்கு நான் முறித்தேன். காலை ஆறு மணிக்கு, குளியலறையில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, திருட்டுத்தனமாகப் போனைத் திறந்து ஒரே ஒரு நொடி பார்த்தேன், ஒன்று, இரண்டு, போதும், அணைத்துவிட்டேன். திருடினது என்னமோ உண்மை. ஆனால் வருத்தமில்லை, ஒரு துளி வருத்தமில்லை, இதைவிட நல்ல காரியம் நான் இந்த வருஷத்தில் செய்யவில்லை. வியாழக்கிழமை ஸ்டெல்லா என் கடைக்கு வந்தாள், கையில் ஸ்கேன் எடுத்த கவர், நான் ஒரு கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். “அண்ணே, கல்லீரல் வீங்கியிருக்காம். இப்பவே நிறுத்துனா சரியாப் பூடுமாம், இன்னும் ஆறு மாசம் இப்படியே ஓட்டுனா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நான் சொன்னா சிரிக்கிறாரு. டாக்டரு சொன்னா டாக்டர மாத்துறாரு. பங்குச் சாமியாரு சொன்னாரு, இப்ப இவரு கோயிலுக்கே வர்றதில்ல. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு.” நான் சொன்னால். எந்த வாயால் சொல்வது. முப்பது வருஷமாக அவன் கிளாஸில் நுரை வழியாமல் சாய்த்து ஊற்றியது இந்தக் கைதானே, ஊற்றிய கையே இப்போது போதும் என்று தடுத்தால் அவன் சிரிக்க மாட்டானா. எனக்கு அழுகை வந்துவிட்டது, கம்ப்ரஸருக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். “நீ போம்மா, நான் பாத்துக்கறேன்” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர மூன்று ராத்திரி யோசித்தேன். புத்தி சொன்னால் கேட்க மாட்டான். கெஞ்சினாலும் கேட்க மாட்டான். ஆனால் பந்தயம் என்று வந்துவிட்டால் பிலவேந்திரன் வார்த்தை மாறினது கிடையாது. உயிரைக் கொடுப்பான், பந்தயத்தை விடமாட்டான். அப்படியென்றால் அவனைப் பந்தயத்தில் கட்டிப்போட வேண்டும், அதுவும் அவன் தோற்கிற பந்தயத்தில், அதற்கு எனக்கு முடிவு முன்கூட்டியே தெரிய வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ராத்திரி ஆனதுதான் வெட்கம்.

அதனால்தான் மேட்ச் ஆரம்பிக்கும் முன்னால், முதல் மூடியைத் திறப்பதற்கும் முன்னால், நான் சும்மா போகிறபோக்கில் சொல்கிற மாதிரி சொன்னேன், “என்னாடா, ஒரு பந்தயம் வச்சிக்கலாமா? தோக்குறவன் இன்னியோட பீர விடணும். ஜென்மத்துக்கும்.” எவ்வளவு பேரம் பேசுவான் என்று தயாராக வந்திருந்தேன், ஒரு வருஷம் என்பான், ஆறு மாசம் என்பான், தீபாவளி கிறிஸ்துமஸ் விலக்கு என்பான். ஒன்றுமே பேசவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தான். “சரி, வச்சிக்கலாம்” என்று கையை நீட்டினான். அவ்வளவுதான். அவ்வளவு நம்பிக்கை சிவப்பின் மேல். பிறகு மாசிலாமணியைக் கூப்பிட்டு, மூன்று ரகத்திலும் ஒவ்வொன்று கொண்டுவா, மூன்று கிளாஸ் கொண்டுவா என்றான். வழக்கமாக ஒரே ரகம்தான், படகு, பாட்டிலில் படகு படம் போட்டிருக்கும், மற்றதையெல்லாம் பீர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டான். இன்றைக்கு என்னவோ மாப்பிள்ளை விருந்து மாதிரி பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், படகு, மயில், அப்புறம் வெள்ளைக்காரர்கள் கடற்கரையில் குடிக்கிற அந்தக் கோதுமை பீர். “தட்சிணா, இந்த மயில் இருக்கு பாரு, இது பொண்ணு பாக்கப் போன எடத்துல குடுக்குற காப்பி. நல்லாருக்குன்னும் சொல்ல முடியாது, நல்லால்லன்னும் சொல்ல முடியாது, குடிச்சிட்டு வந்துரணும்.” கோதுமையை மூக்குக்கிட்டே கொண்டுபோனான். “இது கஞ்சித் தண்ணி. ஆனா உப்பு போடாத கஞ்சித் தண்ணி.” “அப்புறம் எதுக்குடா வாங்குன?” “ஒருவாட்டி ஒழுங்கா குடிச்சிப் பாக்காம எதையும் தப்பு சொல்லக் கூடாதுடா.” படகை மட்டும் ஒன்றும் சொல்லாமல் வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினான். மடக் மடக்கென்று குடிக்கிறவன், மின்சாரத் துறை லைன்மேன், கம்பத்தில் ஏறி இறங்கிய தாகத்தோடு குடித்துப் பழகியவன், இன்றைக்குக் கோயில் தீர்த்தம் மாதிரி சொட்டுச் சொட்டாக. கல்லீரல் பயமாக இருக்கும். பயந்தால் நல்லதுதான்.

அறுபத்தெட்டு. நீலத்தின் பத்தாம் நம்பர் பந்தை வாங்கித் திரும்பி மூன்று பேரைத் தாண்டி வானத்துக்கு அடிக்கிறான். வேறு நாளாக இருந்தால் அவன் வம்சத்தையே இழுத்திருப்பேன். இன்றைக்கு அமைதி. தட்சிணாமூர்த்தி என்று பேர் வைத்ததற்கு ஐம்பத்துநாலு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் பொருத்தம், கல்லால மரத்தடியில் பேசாமல் இருந்தே பாடம் சொன்னவர் பேர், அதை வைத்துக்கொண்டு நான் வாய் ஓயாமல் கத்தி இந்தப் பாரையே நடுங்க வைத்திருக்கிறேன். “என்னாடா” என்கிறான் பிலவேந்திரன், “ஒரு கெட்ட வார்த்தகூடக் காணோம்?” “நேரம் இருக்குல்ல” என்கிறேன். “உன் பத்தாம் நம்பரு மயிலுடா, பாக்க அழகு, உள்ள சரக்கு இல்ல. எங்க ஆறாம் நம்பரப் பாரு, படகு. கசப்பு. ஆனா நிக்கும்.” சிரிக்கிறேன். நன்றாகத்தான் சொல்கிறான், யாருக்கு வரும் இந்தப் பேச்சு. லைன்மேன் வேலை, லைன்ஸ்மேன் பொழுதுபோக்கு, ஒரே எழுத்துதான் வித்தியாசம் என்பான், இருபது வருஷம் லோக்கல் லீகில் கோட்டோரம் கொடி பிடித்து ஓடினவன். ஒரு தடவை என்னையே ஆஃப்சைடு என்று கொடி தூக்கினான், அரையிறுதி, நான் அடித்த ஒரே கோல், என் ஆயுசிலேயே ஒரே கோல், கூசாமல் தூக்கினான். மூன்று மாசம் பேசவில்லை நான். பந்துக்கு முந்திப் போய் நிற்கிறவன் அண்ணன் தம்பியாக இருந்தாலும் திருடன்தான்டா என்றான். நேர்மை. அதே நேர்மைதான் பந்தயத்திலும். ஒரு வருஷம் சிவப்பு தோற்றதற்கு மீசையை எடுத்துக்கொண்டு போய்த் தன் மைத்துனன் கல்யாணத்தில் நின்றான், போட்டோவில் எல்லாம் வேற்றாள் மாதிரி. இன்னொரு வருஷம் கடலூருக்கு நடந்தான், இருபத்திரண்டு கிலோமீட்டர், நான் பின்னால் ஸ்கூட்டரில் போய்ப் போதும்டா ஏறுடா என்று கெஞ்சினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவன் வாய்விட்டு ஜென்மத்துக்கும் என்று கை கொடுத்தாயிற்று. ஸ்டெல்லா, உன் வேலை முடிந்த மாதிரிதான். அவித்த கடலை ஒரு கை அள்ளிக்கொள்கிறேன், உப்பு சரியாக இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது.

எழுபத்தைந்து. எழுபத்தாறு. எப்போது போடப் போகிறார்கள். இரண்டு கோல் பாக்கி இருக்கிறது, அவசரமே இல்லாமல் பின்னால் பின்னால் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், இவன்களுக்குத் தாங்கள் ஜெயிக்கப்போவது தெரியாது போலிருக்கிறது. தெரியாதுதான், எப்படித் தெரியும், எனக்குத்தானே தெரியும். ஒன்று, இரண்டு. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் இரண்டு. இதோ டிவியிலும் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் நீலம், சரியாகத்தானே இருக்கிறது. ஆனால் போனில் இடது பக்கம் சிவப்பா. பொடிசாக இரண்டு அணிச் சின்னம் தெரிந்தது, கலங்கலாக, மூக்குக்கண்ணாடி வீட்டு டிவி மேல் இருந்தது, குளியலறைக்கு எவன் கண்ணாடி போட்டுக்கொண்டு போகிறான். சரி, நிறம் தெரியாமல் போகுமா. தெரிந்த மாதிரிதான் இருந்தது. ஒன்று, இரண்டு. இல்லை, ஒன்று இரண்டு என்று பார்த்தேனா, இல்லை ஒன்றும் இரண்டும் இருந்ததைப் பார்த்துவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டேனா. யாராவது இரண்டு, ஒன்று என்று எண்ணுவார்களா, பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து வாய்க்கு அப்படித்தான் பழக்கம். இரண்டு, ஒன்று என்று இருந்திருந்தால். சிவப்பு இரண்டு, நீலம் ஒன்று. ஐயோ. எண்பது. கையில் இருந்த கடலையைக் கீழே வைத்துவிடுகிறேன். சிவப்பு ஜெயித்தால் நான் விட வேண்டும், விடுகிறேன், அது பெரிசில்லை, பெரிசுதான், ஆனால் அது இல்லை விஷயம். சிவப்பு ஜெயித்தால் பிலவேந்திரன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும், கர்த்தரே குடிக்கச் சொல்லிட்டாருடா என்பான், ஸ்டெல்லாவிடம் போய்ச் சொல்வான், டாக்டரிடம் சொல்வான், அடுத்த ஞாயிறு ஒற்றை ஆளாக இங்கே வந்து எனக்கும் சேர்த்துக் குடிப்பான், ஆறு மாசம், நானே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. மூன்று ராத்திரி யோசித்த மூளை கண்ணாடியைப் போட யோசிக்கவில்லையே. மறுபடி போனை எடுத்துப் பார்த்துவிடலாமா, கழிப்பறை பக்கம் போகிற மாதிரி எழுந்து. போன் மாசிலாமணியின் கல்லாவில், அதுவும் விரத விதிதான், வந்ததும் ஒப்படைக்க வேண்டும். அப்படியே பார்த்தாலும் என்ன செய்ய முடியும், முடிந்துபோன மேட்ச், நேற்றே முடிந்துபோனது. ஓடுங்களேன்டா. பத்தாம் நம்பரே, உன்னை மயில் என்றானே, ரோஷம் வரவில்லையா.

எண்பத்துநாலு. சிவப்பு ஒன்று, நீலம் பூஜ்யம். பிலவேந்திரன் படகு ஊற்றிய கிளாஸை எடுக்கிறான். கால்வாசி இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி நிறத்தைப் பார்க்கிறான், ஒரு மிடறு, நிறுத்தி, இன்னொரு மிடறு, காலி. மேலுதட்டு நுரையைத் துடைக்கவில்லை. கிளாஸை மேஜையில் கவிழ்த்து வைக்கிறான், மெதுவாக, சத்தம் வராமல், அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறான். பாட்டிலில் இன்னும் இரண்டு கிளாஸ் இருக்கிறது. நான் அதைப் பார்க்கிறேன், பார்த்துவிட்டு டிவியைப் பார்க்கிறேன், மறுபடி அந்தக் கையைப் பார்க்கிறேன். கம்பி இழுத்துக் காய்த்துப்போன கை. ஜெயித்துக்கொண்டிருக்கிறவன் எதற்குக் கிளாஸைக் கவிழ்க்கிறான். ஆறு நிமிஷம் பாக்கி, ஒரு கோல் முன்னால் இருக்கிறான், இந்த நேரத்தில் அவன் இன்னொரு பாட்டில் சொல்லி, என் முகத்துக்கு நேரே அதை ஆட்டி, உனக்கு இனிமே கிடையாதுடா என்று பாட்டுப் பாட வேண்டியவன். வெயிலில் நின்று வந்த களைப்போ. வயிறு வலியோ. “என்னாடா ஆச்சு?” “ஒண்ணுல்ல. போதும்.” நேற்று ராத்திரி இவனுக்கு சப்ஸ்டேஷன் டூட்டி. அங்கே ஒரு டிவி இருக்கிறது. அந்த டிவி ரிப்பேர்டா, படமே வராது என்று வரும்போதே சொன்னான், நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். எண்பத்தாறு, நீலத்தின் பத்தாம் நம்பர், மூலையிலிருந்து வந்த பந்து, தலை, கோல். ஒன்றுக்கு ஒன்று. மாசிலாமணி கல்லாவில் எழுந்து நிற்கிறான். பிலவேந்திரன் அசையவில்லை. கத்தவில்லை, ஆஃப்சைடு என்று கையைத் தூக்கவில்லை, எல்லா கோலுக்கும் ஆஃப்சைடு என்கிற மனுஷன். தொண்ணூறுக்கு மேல் மூன்றாவது நிமிஷம், பெனால்டி, அதே பத்தாம் நம்பர் பந்தை வைத்துப் பின்னால் நடக்கிறான், பார் முழுக்க டிவியைப் பார்க்கிறது, பிலவேந்திரன் டிவியைப் பார்க்கவேயில்லை. கடலைத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு ஓரமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். கோல் என்று மாசிலாமணி கத்தினான். இரண்டுக்கு ஒன்று, நீலம். நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி இல்லாமலே சரியாகத்தான் பார்த்திருக்கிறேன், ஆனால் கத்த வாய் வரவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்கிறது. வரும்போதே தெரிந்து, தோற்போம் என்று தெரிந்து, பேரம் பேசாமல் கையை நீட்டியிருக்கிறான். ஸ்டெல்லா சொல்லிக் குடியை விட்டான் என்று இருக்கக் கூடாது, டாக்டருக்குப் பயந்து விட்டான் என்று இருக்கக் கூடாது, பந்தயத்தில் தோற்றதால் விட்டான் என்று இருக்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் பந்தயத்துக்குக் கூப்பிட வேண்டியிருந்தது, நான் கூப்பிட்டேன். மூன்று ரகமும் வாங்கி வைத்துச் சொட்டுச் சொட்டாகக் குடித்ததை நான் விருந்து என்று நினைத்தேன், அவன் ஒவ்வொன்றாக வழியனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். நான் என்னமோ சாணக்கியன் மாதிரி கடலை தின்றுகொண்டிருந்தேன்.

விசில். “தோத்துட்டேன்டா” என்றான், முகத்தில் தோற்ற களையே இல்லை, கோட்டோரம் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிற முகம். “மாசி, பன்னீர் சோடா இருக்கா?” மாசிலாமணி இதை எதிர்பார்க்கவில்லை, இந்த மேஜையிலிருந்து இப்படி ஒரு ஆர்டர் பதினொரு வருஷத்தில் போனதில்லை, “யாருக்கு?” என்றான். “எனக்குத்தான்.” “ரெண்டு” என்றேன் நான். என் பாட்டிலில் பாதி இருந்தது, நல்ல படகு, அதை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன், தள்ளும்போது மனசு கேட்கத்தான் இல்லை. “நீ ஏன்டா? நீதான் ஜெயிச்சிட்டியே.” “கூலிங் பத்தல” என்றேன். வேறு என்ன சொல்வது, தெரிந்துகொண்டு வைத்த பந்தயத்தில் நான் எதை ஜெயித்தேன். சோடா வந்தது. பிலவேந்திரன் ஒரு வாய் வைத்து நாக்கில் உருட்டினான், அதே மாதிரி, படகை உருட்டின மாதிரி. “கேஸு பத்தல. பன்னீரு தூக்கல். கல்யாண வூட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு.” “பரவால்ல, கோதுமைக்கு இது தேவல” என்றேன். “எல்லாமே கோதுமைக்குத் தேவலடா.” இரண்டு பேரும் சிரித்தோம், எனக்குக் கண் கலங்கிவிட்டது, நல்லவேளை, சோடா மூக்கில் ஏறியது என்று சொல்லிக்கொள்ள வழி இருந்தது. மாசிலாமணி போன்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிலேட்டைக் கழற்றப் போனான். “அடுத்த வாரம் மேட்ச் இருக்கு” என்றேன், “விரதம் உண்டா?” “உண்டு, உண்டு. பீரு வேணா போவட்டும், விரதம் எங்க போவும்.” எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டான், கவிழ்த்த கிளாஸை ஒரு விரலால் தொட்டான், பிறகு என் பக்கம் பார்க்காமல் சொன்னான், “அடுத்த வாட்டியாவது ஒழுங்கா இருப்போம்.” இருக்கிறேன் என்று சொல்லவில்லை. இரு என்று சொல்லவில்லை. இருப்போம். இரண்டு பேரும் பந்துக்கு முந்திப் போய் நின்றிருக்கிறோம், கொடி பிடிக்கிறவனும் சேர்ந்து, அதை அவன் முதல் நிமிஷத்திலேயே பார்த்திருக்கிறான், கெட்ட வார்த்தையைக் காணோமே என்று கேட்டபோது அல்ல, கை நீட்டுவதற்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்த்தானே, அப்போதே. என்னென்னமோ சொல்ல வந்தது. பேருக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன்.

“இருப்போம்டா” என்றேன்.